சேமநிதியில் வாழும் உடல்

இரைப்பைச் சவ்வின் நாட்பட்ட அழற்சி பற்றி அங்கத்தினர்களுக்கு ஒரு பாடம்

இப்பகுதியில் வழக்கமாகச் சங்கத்தின் வரவு செலவைப் பற்றியே எழுதி வருகிறோம். இம்மாதம் உடலின் வரவு செலவைப் பற்றி எழுத எண்ணினேன். கூட்டுறவு ஆய்வாளனுக்கு வைத்திய விஷயத்தில் என்ன வேலை என்று அங்கத்தினர்கள் கேட்கலாம். நான் வைத்தியன் அல்லன். ஆயினும், நான் எழுதிய ஓர் ஆய்வுக் குறிப்பே இந்நோயைப் பற்றிப் படிக்கும்படி என்னைக் கட்டாயப்படுத்தியது. அதை முதலில் சொல்லிவிடுவது முறை.

பதிவேடு சொன்னதும் சொல்லாததும்

தாமிரபரணிக் கரையில் அம்பாசமுத்திரம் வட்டாரத்தில் உள்ள ஒரு நெசவாளர் சங்கத்தைச் சில ஆண்டுகளுக்கு முன் ஆய்வு செய்தேன். சங்கத்தின் பெயரும் அங்கத்தினரின் பெயரும் இங்கே வேண்டுவதில்லை. நூல் வழங்கிய பதிவேட்டையும் துணி பெற்ற பதிவேட்டையும் ஒப்பிட்டபோது, ஐம்பது வயதைக் கடந்த ஓர் அங்கத்தினரின் கணக்கு கண்ணில் பட்டது. இருபது ஆண்டுகளாகப் பழுதின்றித் துணி கொடுத்தவர். கடைசி ஒன்றரை ஆண்டில் அவருடைய துணியில் இழை விடுபட்ட இடங்கள் மிகுந்திருந்தன. நூல் சேதம் வரம்பைத் தாண்டியிருந்தது. மாதத்தில் கொடுக்கும் துணியும் பாதியாகக் குறைந்திருந்தது. சங்கம் அவர் கூலியில் பிடித்தம் செய்து வந்தது. நானும் என் பங்குக்கு, "நூல் சேதம் அதிகம், விளக்கம் பெற்று நடவடிக்கை எடுக்கவும்" என்று எழுதிவிட்டேன். நூலை அவர் வெளியில் விற்கிறாரோ என்னும் ஐயம் அக்குறிப்பில் மறைந்திருந்தது என்பதை நான் மறுக்கமாட்டேன்.

காரியதரிசி என்னை அவர் வீட்டுக்கு அழைத்துச் சென்றார். அங்கத்தினர் குழித்தறியின் முன் அமர்ந்திருந்தார். அவர் சொன்னது இது: "ஐயா, மிதியின் மேல் கால் இருக்கிறதா என்று குனிந்து பார்த்தால்தான் தெரிகிறது. அறுந்த இழையை விரலால் பிடித்தால் பிடித்த உணர்வே இல்லை." தார் சுற்றிக்கொண்டிருந்த அவர் மனைவி மற்றொன்று சொன்னார். ஆற்றுப் படித்துறையில் முகம் கழுவக் கண்ணை மூடியவுடன் கணவர் தள்ளாடி விழப்போவதாகவும், ஆகவே தாம் துணைக்குச் செல்வதாகவும் கூறினார். மது அருந்துகிறார் என்று தெருவில் சிலர் பேசியதும் அவருக்கு வருத்தம். உடல் சோர்வுக்காகக் கடையில் வாங்கிய சத்து மாத்திரைகளை அவர் இரண்டு ஆண்டுகளாக உண்டு வந்தார். வயிற்றில் வலி என்று அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. ஆயினும் நோய் இருந்த இடம் வயிறே என்று பின்னர் அரசு மருத்துவமனையில் தெரிந்தது.

இரைப்பை செய்யும் இரண்டு வேலைகள்

இரைப்பையின் உட்புறத்தை மெல்லிய சவ்வு ஒன்று போர்த்தியிருக்கிறது. அச்சவ்வின் மேற்பகுதியிலும் நடுப்பகுதியிலும் உள்ள சில உயிரணுக்கள் இரண்டு பொருள்களைச் சுரக்கின்றன. ஒன்று அமிலம். இஃது ஆகாரத்தைப் பதப்படுத்துகிறது. கீரை, தானியம் முதலியவற்றில் உள்ள இரும்புச் சத்தைக் கரைத்து உடல் ஏற்கும் நிலைக்குக் கொண்டுவருகிறது. மற்றொன்று ஒரு துணைப்புரதம். பி-12 என்னும் வைட்டமின் இத்துணைப்புரதத்துடன் சேர்ந்துதான் சிறுகுடலின் கடைப்பகுதிக்குச் சென்று அங்கே இரத்தத்தில் கலக்க முடியும். நூல் கிடங்கிலிருந்து சீட்டில்லாமல் ஒரு கட்டு நூலும் வெளியே போகாது. அதுபோலத் துணைப்புரதம் இல்லாமல் பி-12 குடலின் வாயிலைக் கடப்பது அரிது.

பி-12 நமக்கு வேண்டிய அளவு மிகச் சிறிது. நாளொன்றுக்குச் சுமார் 2 மைக்ரோகிராம். ஒரு கிராமைப் பத்து லட்சம் பங்காக்கினால் அதில் ஒரு பங்கே ஒரு மைக்ரோகிராம். அளவு சிறிதாயினும் வேலை பெரிது. எலும்பின் உள்ளிருக்கும் மஜ்ஜையில் புதிய இரத்த அணுக்கள் உருவாவதற்கு இது வேண்டும். நரம்புகளின் மேலுறை கெடாமல் இருப்பதற்கும் இது வேண்டும். இது பால், தயிர், முட்டை, மீன், இறைச்சி ஆகியவற்றில் உண்டு. காய், கீரை, அரிசி, பருப்பு ஆகியவற்றை நம்பி இதைப் பெற முடியாது.

காவலரே வீட்டைத் தாக்கும் நோய்

வெளியிலிருந்து புகும் கிருமிகளை எதிர்ப்பதற்கு உடலில் ஒரு காவற்படை உண்டு. சிலருடைய உடலில் இக்காவற்படை ஆள் அடையாளம் தவறி, இரைப்பையில் அமிலம் சுரக்கும் உயிரணுக்களையே பகையாகக் கருதித் தாக்கத் தொடங்குகிறது. துணைப்புரதத்தையும் சில வேளை எதிர்க்கிறது. ஆண்டுக் கணக்கில் நடக்கும் இத்தாக்குதலால் சவ்வு அழன்று, மெலிந்து, சுரக்கும் திறனை இழக்கிறது. இதனைத் தன்னுடல் தாக்கு இரைப்பை அழற்சி என்று வைத்தியர்கள் கூறுவர்.

இந்நோய் ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குத் தொற்றுவதன்று. மிளகாயாலும் புளியாலும் வருவதன்று. நோயாளி செய்த குற்றம் எதுவும் இதற்குக் காரணம் ஆகாது. வயதானவர்களிடமும் பெண்களிடமும் மிகுதியாகக் காணப்படினும், இளைஞருக்கும் வரலாம். தைராய்டு சுரப்பியின் நோய், சிறு வயதிலேயே இன்சுலின் தேவைப்படும் நீரிழிவு, தோலில் வெண்புள்ளி ஆகியவை உள்ளவர்களிடமும் அவர்களுடைய குடும்பத்தாரிடமும் இது சற்று அதிகம்.

இரைப்பை அழற்சி எல்லாம் இவ்வகை அல்ல. ஹெலிகோபாக்டர் என்னும் கிருமியால் உண்டாகும் அழற்சியே உலகில் மிகப் பரவலானது. அதைக் கண்டறிந்த ஆஸ்திரேலிய மருத்துவர்கள் பாரி மார்ஷல், ராபின் வாரன் இருவருக்கும் 2005ஆம் ஆண்டு நோபல் பரிசு கிடைத்தது. அதனைத் தக்க மருந்துகளால் ஒழிக்கலாம். தன்னுடல் தாக்கு அழற்சியையோ இன்றுள்ள மருந்துகளால் நிறுத்த இயலாது. அதனால் உண்டாகும் குறையை மட்டுமே நிரப்பலாம். அப்படி நிரப்பிவந்தால் நோயாளி நெடுநாள் நலமாக வாழலாம்.

இதில் மற்றொரு மயக்கமும் உண்டு. நோயாளிக்கு வயிற்றில் வலி பெரும்பாலும் இருப்பதில்லை. உண்டபின் வயிறு நிறைந்தாற்போன்ற மந்தம் சிலருக்கு இருக்கலாம். அமிலம் மிகுந்துவிட்டது என்று எண்ணி, அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையைத் தாமே வாங்கி உண்கிறார்கள். உள்ளே இருப்பதோ அமிலக் குறைவு.

சேமநிதி கரையும் விதம்

துணைப்புரதம் நின்ற அன்றே நோய் வெளிப்பட்டால் எளிதாகக் கண்டுபிடித்துவிடலாம். அவ்வாறு நிகழ்வதில்லை. ஏனெனில் உடலுக்கு ஒரு சேமநிதி உண்டு. கல்லீரல் முதலிய உறுப்புகளில் சுமார் 2 முதல் 5 மில்லிகிராம் வரை பி-12 சேர்ந்திருக்கிறது. ஓர் அரிசி மணியின் எடைகூட இல்லாத இந்த இருப்பு, வரவு நின்ற பிறகும் உடலைச் சில ஆண்டுகள் நடத்திச் செல்லப் போதுமானது.

அங்கத்தினர்கள் இதைத் தம் அனுபவத்தைக் கொண்டே உணரலாம். ஆண்டுதோறும் நட்டம் அடையும் சங்கம் ஒன்று, பழைய சேமநிதியை எடுத்துக் கூலி கொடுத்து வருகிறது என்று வைத்துக்கொள்வோம். தறிகள் ஓடுகின்றன, தீபாவளிக்குத் துணியும் போகிறது, பார்ப்பவர்கள் சங்கம் செழிப்பாக இருப்பதாகவே நினைப்பார்கள். நிதி தீர்ந்த மாதத்தில்தான் கதவு அடைபடும். அன்று விசாரித்தால், நட்டம் தொடங்கி ஐந்தாண்டு ஆகியிருக்கும். உடலின் நிலையும் இதுவே.

இரும்புச் சத்துக்கு இவ்வளவு நீண்ட காப்பு இல்லை. ஆகவே அமிலம் குறைந்ததும் இரும்புக் குறைவே பலருக்கு முன்னதாகத் தோன்றும். இரும்பு மாத்திரை முறையாக உண்டும் இரத்தம் ஊறாத பெண்கள் சிலரிடம் இந்த அழற்சியே மூலகாரணமாக இருக்கும். பி-12 குறைவு அதற்குப் பல ஆண்டுகளுக்குப் பின் வந்து சேரும்.

நோயைக் கண்டறிந்த வரலாறு

இலண்டனில் கைஸ் மருத்துவமனையைச் சேர்ந்த தாமஸ் அடிசன் 1849ஆம் ஆண்டில் ஒருவகை இரத்த சோகையை எடுத்துரைத்தார். நோயாளி மெல்ல வெளுத்து, சோர்ந்து, முடிவில் இறந்துபோவார், காரணம் விளங்கவில்லை. பிறகு ஏறத்தாழ முக்கால் நூற்றாண்டு இதற்கு மருந்து இல்லை. கொடிய இரத்த சோகை என்றே இதற்குப் பெயர் நிலைத்தது.

1926ஆம் ஆண்டு அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து மருத்துவர்கள் ஜார்ஜ் மைனாட், வில்லியம் மர்ஃபி இருவரும் 45 நோயாளிகளுக்கு நாள்தோறும் நிறைய ஈரல் உண்ணக் கொடுத்து நோய் தணிந்ததைக் காட்டினார்கள். ஈரலின் பயனை முன்பே நாய்களிடம் ஆராய்ந்த ஜார்ஜ் விப்பிளுடன் சேர்ந்து இவர்கள் 1934ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றனர். ஈரலில் இருக்கும் சேமநிதியைப் பற்றி மேலே சொன்னோம். விலங்கின் சேமநிதியைப் பெருமளவில் உண்டதால், பழுதடைந்த வாயிலின் வழியாகவும் சிறிதளவு உள்ளே புகுந்தது என்பதே இதன் விளக்கம்.

நோய் இரைப்பையில்தான் இருக்கிறது என்று மெய்ப்பித்தவர் பாஸ்டன் நகரத்து வில்லியம் காசில். நல்ல உடல்நலமுள்ள அவர் தாமே இறைச்சியை உண்டு, அது இரைப்பையில் சற்று நேரம் பதப்பட்டபின் வெளிக்கொணர்ந்து, குழாய் மூலம் நோயாளிகளுக்குச் செலுத்தினார். அவர்களுக்கு இரத்தம் ஊறிற்று. வெறும் இறைச்சியை மட்டும் கொடுத்தபோது ஊறவில்லை. நலமான இரைப்பையில் ஏதோ ஒன்று சுரக்கிறது, நோயாளியின் இரைப்பையில் அது இல்லை என்று 1929ஆம் ஆண்டில் அவர் அறிவித்தார். நாம் துணைப்புரதம் என்று கூறியது அதுவே. இறைச்சியில் இருந்த பொருளாகிய பி-12, 1948ஆம் ஆண்டில் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் தனித்தனியே பிரித்தெடுக்கப்பட்டது. அதன் அமைப்பை டோரதி ஹாட்ஜ்கின் அம்மையார் 1956ஆம் ஆண்டில் கண்டறிந்தார். 1964இல் நோபல் பரிசு பெற்றார். உடலின் காவற்படையே இரைப்பையைத் தாக்குகிறது என்னும் உண்மை 1960ஐ ஒட்டிய ஆண்டுகளில் துலங்கியது.

நம் நாட்டில் நடந்த ஆராய்ச்சி

இவ்வரலாற்றில் நம் நாட்டுக்கும் பங்கு உண்டு. அதுவும் ஆலைத் தொழிலாளர்களிடமிருந்தே தொடங்குகிறது. 1928ஆம் ஆண்டு லூசி வில்ஸ் என்னும் ஆங்கில மருத்துவ அம்மையார் பம்பாய்க்கு வந்தார். அங்கே துணி ஆலைகளில் வேலை செய்த ஏழைப் பெண்கள் கருவுற்ற காலத்தில் கடுமையான சோகையால் துன்புற்றனர். அவர்களுடைய இரத்த அணுக்கள் அடிசன் கூறிய நோயில் போலவே பெரிதாக இருந்தன. ஆயினும் இரைப்பையில் குறை இல்லை. ஆகாரத்தில்தான் குறை இருந்தது. அம்மையார் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்திலும், பம்பாயிலும், சென்னையில் திருவல்லிக்கேணி கோஷா மருத்துவமனையிலும் ஆராய்ந்தார். மார்மைட் என்னும் விலை மலிந்த ஈஸ்ட் சாறு அப்பெண்களைக் குணப்படுத்தியதை 1931ஆம் ஆண்டு வெளியிட்டார். அதில் இருந்த சத்தே பின்னர் ஃபோலிக் அமிலம் எனப்பட்டது.

அந்த ஃபோலிக் அமிலத்தை ஆய்வுக்கூடத்திலேயே செய்து காட்டிய குழுவின் தலைவர், பீமவரத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ். அமெரிக்காவில் லெடர்லி நிறுவனத்தில் 1945ஆம் ஆண்டையொட்டி இது நிறைவேறியது. சென்னையில் படித்த ஒருவரின் உழைப்பால், உலகெங்கும் கருவுற்ற பெண்களுக்கு அம்மருந்து மலிவாகக் கிடைத்தது.

மூன்றாவது செய்தி வேலூரைச் சேர்ந்தது. அங்குள்ள கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மருத்துவர்கள் 1962ஆம் ஆண்டில், தாய்ப்பால் மட்டுமே உண்ட சில குழந்தைகள் நிற்கவும் சிரிக்கவும் மறந்து சோர்ந்து கிடந்ததையும், அவர்கள் தோல் கறுத்ததையும் விவரித்தனர். தாய்மாருக்கு பி-12 குறைவாக இருந்ததே காரணம். பி-12 கொடுத்ததும் குழந்தைகள் தேறினர்.

ஆகவே நம்மிடையே பி-12 குறைவு இருவழியில் வருகிறது. பாலும் முட்டையும் மீனும் வாங்க இயலாமலோ, உண்ணாமலோ ஆகாரத்தில் குறைவது ஒன்று. ஆகாரத்தில் இருந்தும் உடலில் சேராதது மற்றொன்று. கன்னடியன் கால்வாயில் நீர் வராவிட்டாலும் பயிர் வாடும். கால்வாய் நிறைந்து ஓடியும் வயலின் மடை அடைபட்டிருந்தாலும் வாடும். முதல் வயலுக்கு நீர் வேண்டும். இரண்டாவது வயலுக்கு மடையைப் பார்க்க வேண்டும். முட்டையும் பாலும் நாள்தோறும் உண்பவருக்கு பி-12 குறைந்தால், மடையைப் பற்றி விசாரிக்க வேண்டும் என்பதே இதன் பொருள்.

ஒரு கணக்கைத் திருத்தி மறு கணக்கை மறத்தல்

ஃபோலிக் அமிலம் கிடைத்த புதிதில் மருத்துவர்கள் அதனைக் கொடிய இரத்த சோகைக்கும் கொடுத்துப் பார்த்தனர். இரத்தம் ஊறிற்று, எல்லோரும் மகிழ்ந்தனர். ஆனால் மாதங்கள் சென்றபின் அந்நோயாளிகளில் பலருக்குக் கால் மரத்தது, நடை தடுமாறியது. ஃபோலிக் அமிலம் இரத்தக் கணக்கைச் சரிசெய்தது. நரம்புக் கணக்கில் நட்டம் நிற்கவில்லை. இரத்தம் தேறியதால் எச்சரிக்கையும் மறைந்துபோயிற்று. நம் அங்கத்தினருக்கு நேர்ந்ததும் ஏறத்தாழ இதுவே. அவர் உண்டுவந்த மாத்திரையில் இரும்பும் ஃபோலிக் அமிலமும் இருந்தன.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். கருவுற்ற பெண்களுக்கும் வளரும் பெண்களுக்கும் அரசு மருத்துவமனையில் தரும் இரும்பு, ஃபோலிக் அமில மாத்திரைகள் அவசியமானவை; அவற்றை நிறுத்தலாகாது. 2019-21ஆம் ஆண்டுகளில் எடுத்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இரத்த சோகை இருக்கிறது. அவர்களில் பலருக்கு அம்மாத்திரையே மருந்து. ஆனால் மாத்திரை உண்டும் சோர்வு தீராவிட்டாலோ, கைகால் மரத்தாலோ, பி-12 அளவைப் பார்க்கச் சொல்லி மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

கவனிக்க வேண்டிய அறிகுறிகள்

இந்நோயில் வெளிப்படும் அறிகுறிகள் பின்வருமாறு. எல்லாம் ஒருவரிடமே இருக்க வேண்டுவதில்லை.

1. சிறு வேலைக்கும் களைப்பு, மூச்சு வாங்குதல். முகம் வெளுத்துச் சற்று மஞ்சள் படர்தல்.

2. நாக்கு சிவந்து வழுவழுப்பாகிக் காரம் பட்டால் எரிதல்.

3. விரற்கணுக்களின் மேல் தோல் வழக்கத்துக்கு மாறாகக் கறுத்தல்.

4. இரு பாதங்களிலும் பிறகு கைவிரல்களிலும் எறும்பு ஊர்வது போன்ற உணர்ச்சி, மரத்தல். நெசவாளருக்கு மிதி தெரியாது, முடிச்சு நழுவும். நாற்று நடுபவருக்கு நாற்றின் வேர் விரலில் தெரியாது.

5. இருட்டிலும் கண்ணை மூடும்போதும் தள்ளாட்டம். இரவில் மடை திறக்க வரப்பின்மேல் நடக்கும் விவசாயி இதை முதலில் உணர்வார். வெளிச்சத்தில் கண் உதவுவதால் குறை தெரிவதில்லை.

6. மறதி, மனச்சோர்வு, காரணமில்லாத எரிச்சல்.

இவற்றில் நான்காவதும் ஐந்தாவதும் தோன்றினால் காலம் தாழ்த்தலாகாது. இரத்தத்தின் குறை முழுவதும் தீரும். நரம்பின் குறை நெடுநாள் நீடித்தால் முழுவதும் தீராமல் போகலாம்.

நீரிழிவுக்காக மெட்ஃபார்மின் மாத்திரையைப் பல ஆண்டுகள் உண்பவர்களுக்கும், ஒமிப்ரசோல் போன்ற அமிலக் குறைப்பு மாத்திரையை நீண்டகாலம் உண்பவர்களுக்கும் பி-12 குறையலாம். அவர்கள் மருந்தைத் தாமே நிறுத்தாமல், இரத்தப் பரிசோதனை பற்றி மருத்துவரைக் கேட்க வேண்டும். நீரிழிவுக்காரரின் கால் மரத்தால் அது நீரிழிவினால் மட்டுமே என்று முடிவுகட்டிவிடக் கூடாது.

பரிசோதனையும் சிகிச்சையும்

முதலில் இரத்த அணுக்களின் எண்ணிக்கையும் பருமனும் பார்ப்பார்கள். பி-12 குறைந்தால் சிவப்பு அணுக்கள் பெரிதாகும். இரும்பு குறைந்தால் சிறிதாகும். இரண்டும் ஒருங்கே குறைந்தால் சராசரிப் பருமன் சரியாக இருப்பதுபோலவே தோன்றும். கணக்கில் ஒன்றையொன்று ஈடுசெய்யும் இரு பிழைகள் இருந்தால் இருப்பாய்வுப் பட்டியல் பொருந்திவிடுவதைக் காரியதரிசிகள் அறிவார்கள். எனவே பருமன் சரி என்ற அளவில் நின்றுவிடாமல் பி-12 அளவையும் இரும்பு இருப்பையும் பார்க்கிறார்கள். அடுத்து, இரைப்பையைத் தாக்கும் எதிர்ப்பொருள்கள் இரத்தத்தில் உள்ளனவா என்று சோதிக்கிறார்கள். உறுதி செய்ய எண்டோஸ்கோப் என்னும் மெல்லிய குழாயை வாய்வழியே செலுத்திச் சவ்வைப் பார்த்து, கடுகளவு சதையை எடுத்துச் சோதிப்பார்கள். பாளையங்கோட்டையில் உள்ள திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனைகளில் இதற்கு வசதி உண்டு. அக்கல்லூரி 1965ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது.

சிகிச்சை எளிது, விலையும் அதிகமில்லை. பி-12 ஊசியைத் தொடக்கத்தில் அடுத்தடுத்தும், பிறகு மருத்துவர் குறிக்கும் இடைவெளியில் ஆயுள் முழுவதும் போட்டுக்கொள்ள வேண்டும். தசையில் நேரே செலுத்துவதால் இரைப்பையின் சீட்டு வேண்டுவதில்லை. அதிக அளவுள்ள மாத்திரையும் சிலருக்குப் போதும். 1000 மைக்ரோகிராம் உண்டால், துணைப்புரதம் இல்லாமலே நூற்றில் ஒரு பங்கு, அதாவது சுமார் 10 மைக்ரோகிராம், குடலில் கசிந்து உள்ளே செல்லும். நாளொன்றுக்கு 2 மைக்ரோகிராமே தேவை என்பதை முன்பே கண்டோம். எது யாருக்குப் பொருந்தும் என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

உடல் தேறியதும் ஊசியை நிறுத்திவிடுவதே நோயாளிகள் செய்யும் பெருந்தவறு. மீண்டும் சேமநிதி உள்ளதால் நிறுத்திய பின்னும் சில காலம் நன்றாகவே இருக்கும். பிறகு பழைய துன்பம் திரும்பும். அன்றியும், இவ்வழற்சி உள்ளவர்களில் சிலருக்கு இரைப்பையில் கட்டிகள் தோன்றக்கூடும்; புற்றுநோய்க்கான வாய்ப்பும் பிறரைவிடச் சற்று அதிகம். அதனால் அஞ்ச வேண்டியதில்லை. மருத்துவர் குறிக்கும் காலத்தில் மறுபடி சோதித்துக்கொண்டால் போதும்.

சங்கத்தின் கடமை

நம் அங்கத்தினரின் கதையை முடிக்க வேண்டும். மருத்துவமனையில் பி-12 மிகக் குறைந்திருப்பதும், இரைப்பைச் சவ்வு மெலிந்திருப்பதும் தெரிந்தன. ஊசி தொடங்கிய சில வாரங்களில் களைப்பு நீங்கியது. ஆறு மாதத்தில் விரல்களுக்கு உணர்ச்சி திரும்பியது. இடது பாதத்தில் மட்டும் மரப்பு ஓரளவு தங்கிவிட்டது. ஓராண்டு முன்பே வந்திருந்தால் அதுவும் தீர்ந்திருக்கும் என்று மருத்துவர் கூறியதாகக் காரியதரிசி எனக்குத் தெரிவித்தார். அந்த ஓராண்டில் சங்கம் அவருடைய துணியைப் பன்னிரண்டு முறை வாங்கிப் பார்த்துப் பன்னிரண்டு முறையும் பிடித்தம் எழுதியிருந்தது. பதிவேடு மாதந்தோறும் நோயைச் சொல்லிக்கொண்டிருந்தது. அதைப் பழுதென்று மட்டும் படித்தோம். நிர்வாக சபை கூடிப் பிடித்த தொகையைத் திருப்பிக் கொடுக்கத் தீர்மானித்தது. அடுத்த ஆய்வில் என் முந்தைய குறிப்பு தவறென்று எழுதிக் கையொப்பமிட்டேன். ஆனால் அவருடைய இடது பாதத்தைத் திருப்பிக் கொடுக்க எங்களிடம் தீர்மானம் எதுவும் இல்லை.

ஆகவே நிர்வாக சபைகளுக்கு நான் கூறுவது இரண்டே விஷயங்கள். நல்ல வேலைக்காரர் ஒருவரின் துணி தொடர்ந்து மூன்று மாதம் பழுதாக வந்தால், பிடித்தம் எழுதுவதற்குமுன் அவர் வீட்டுக்கு ஒருவர் சென்று உடல்நலம் விசாரிக்க வேண்டும். கை, கால் மரப்பு உண்டா என்னும் கேள்வியையும் கேட்க வேண்டும். விவசாய அங்கத்தினரும் தம் வீட்டிலும் அண்டையிலும் இருக்கும் முதியோரிடம் இவ்வாறே கேட்கலாம். ஒருவர் குறையை மற்றவர் முன்னதாக அறிந்து தாங்குவதற்கே கூட்டுறவு ஏற்பட்டது. கடன் விஷயத்தில் அதை நாம் நன்றாகச் செய்கிறோம். உடல்நல விஷயத்திலும் செய்வோமாக.

படிப்பு வட்டத்தில் விவாதிக்க வினாக்கள்

1. இரைப்பை நோய் இருந்தும் வயிற்று வலி இல்லாதிருப்பது ஏன்?

2. பி-12 வரவு நின்றபின் நோய் வெளிப்படச் சில ஆண்டுகள் ஆவது எதனால்?

3. இரத்தம் தேறியும் கால் மரப்பு கூடினால் எதைச் சந்தேகிக்க வேண்டும்?

4. ஊசியை ஏன் இடையில் நிறுத்தக் கூடாது?

5. நம் சங்கத்தில் கடந்த ஓராண்டில் துணிப் பழுதுக்காகப் பிடித்தம் செய்யப்பட்டவர்கள் யார்? அவர்கள் வீட்டுக்கு யாரேனும் சென்று விசாரித்தோமா?